எழுந்து நிற்கும் வலிமை

நுழையும்முன்

முதுமையில் முடி நரைப்பதையும் பார்வை மங்குவதையும் எல்லாரும் காண்கிறோம். ஆனால், தோலுக்கு அடியில் தசை சிறிது சிறிதாக மெலிந்து வருவதை முதியவரே உணர்வதில்லை. ஒருநாள் எழ முயன்று முடியாதபோதுதான் உணர்கிறார். 'வயதானால் அப்படித்தான்' என்று சொல்லி நாமும் கடந்துவிடுகிறோம். அந்த மெலிவு எப்படி நிகழ்கிறது? அதைத் தடுக்கவும் மீட்கவும் வழி உண்டா? அறிவியல் கண்ட விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தரையில் ஊன்றிய கை

தரையில் பாய் விரித்து அமர்ந்து கீரை ஆயும் பாட்டியை நாம் கண்டிருப்போம். வேலை முடிந்ததும் இயல்பாக எழுந்து அடுக்களைக்குச் செல்வார். சில ஆண்டுகள் கழித்து, எழும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றுகிறார். இன்னும் சில ஆண்டுகளில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். பிறகு தரையில் அமர்வதையே விட்டுவிட்டு நாற்காலிக்கு மாறுகிறார். ஒருநாள் அந்த நாற்காலியிலிருந்து எழுவதற்கும் பிறர் கையை எதிர்பார்க்கிறார்.

இவற்றுள் எந்த ஒரு நாளையும் வீட்டில் எவரும் குறித்து வைப்பதில்லை. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாம், சுவரைப் பிடித்து எழுவதற்காக எவரையும் அழைத்துச் செல்வதில்லை. ஆனால், பாட்டியின் வாழ்வில் மிகப்பெரிய மாற்றம் அந்தச் சுவரிலிருந்துதான் தொடங்குகிறது.

முதுமையின் இந்த மெலிவைத் தமிழ்ப் புலவர்கள் பழங்காலத்திலேயே உற்று நோக்கியுள்ளனர். புறநானூற்றின் 243ஆம் பாடலில் ஒரு முதியவர் தம் இளமையை நினைத்து ஏங்குகிறார். நீர்த்துறையின் மரக்கிளையில் ஏறி ஆழமான மடுவில் பாய்ந்து, அடியிலுள்ள மணலை அள்ளிக் காட்டிய காலம் அவருடைய நினைவில் நிற்கிறது. இன்றோ கோலூன்றித் தளர்ந்து நடக்கிறார். அக்கோலைக் குறித்த தொடரே பாடலைப் பாடியவருக்குப் பெயராகித் 'தொடித்தலை விழுத்தண்டினார்' என்று வழங்கலாயிற்று. மரமேறிய கால்களுக்கும் கோலைத் தேடும் கால்களுக்கும் இடையில் உடலுக்குள் என்ன நடந்தது என்பதே இன்றைய மருத்துவ அறிவியலின் வினா.

தசை என்னும் உறுப்பு

மனித உடலில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட எலும்புத்தசைகள் உள்ளன. நலமுள்ள இளைஞர் ஒருவரின் உடல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு இத்தசைகளே. ஒவ்வொரு தசையும் மெல்லிய நீண்ட இழைகளின் கட்டு ஆகும். இழைகளுக்குள் ஆக்டின், மயோசின் என்னும் இருவகைப் புரதங்கள் ஒன்றன்மீது ஒன்று சறுக்கி நகர்வதால் தசை சுருங்குகிறது. நடப்பதும் எழுதுவதும் மூச்சை இழுப்பதும் இச்சுருக்கத்தால் நிகழ்பவை.

தசையிழைகளில் இரு பெரும் வகைகள் உண்டு. மெதுவாகச் சுருங்கும் இழைகள் விரைவில் களைப்படையா. நெடுநேரம் நிற்கவும் நடக்கவும் உதவுபவை இவை. விரைவாகச் சுருங்கும் இழைகள் திடீர் விசையைத் தருபவை. படியேறவும், பாரம் தூக்கவும், கால் இடறும்போது சட்டென மறுகாலை முன்வைத்து உடலைத் தாங்கவும் இவையே உதவுகின்றன.

உடலை அசைப்பதோடு தசையின் பணி முடிந்துவிடுவதில்லை. உணவுக்குப் பின் குருதியில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை இன்சுலினின் துணையோடு ஏற்றுக்கொள்வது தசைதான். நோயோ காயமோ நேரும்போது, உடலைச் சீர்செய்யத் தேவையான அமினோ அமிலங்களைத் தசைப்புரதமே வழங்குகிறது. எனவே, தசையை உடலின் புரதச் சேமிப்பு என்றும் கூறலாம். சேமிப்புக் குறைந்தவர் நோயிலிருந்து மீளவும் காலம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மெலிவின் காரணங்கள்

தசை நிலையாக நிற்கும் பொருள் அன்று. அதன் புரதம் ஒவ்வொரு நாளும் சிதைகிறது. ஒவ்வொரு நாளும் புதிதாக உருவாகிறது. இளமையில் இவ்விரண்டும் ஈடுகட்டிக் கொள்கின்றன. ஏறத்தாழ முப்பது வயதுக்குப் பின் ஈடு குறையத் தொடங்குகிறது. அதன்பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையின் அளவு 3 முதல் 8 விழுக்காடு வரை குறைவதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அறுபதைக் கடந்தபின் இக்குறைவு மேலும் விரைவடைகிறது. தசையின் அளவைக் காட்டிலும் அதன் வலிமை விரைந்து குறைகிறது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

இதற்குக் காரணம் ஒன்றன்று, பல.

முதலாவது நரம்பு. ஒவ்வொரு தசையிழையும் தண்டுவடத்திலுள்ள ஓர் இயக்க நரம்பணுவின் ஆணைக்குக் காத்திருக்கிறது. முதுமையில் இந்நரம்பணுக்கள் சில அழிகின்றன. அவற்றின் பொறுப்பிலிருந்த இழைகளுள் சிலவற்றை அண்டை நரம்பணுக்கள் ஏற்றுக்கொள்கின்றன. எஞ்சியவை ஆணை பெறாமல் மெலிந்து மறைகின்றன. விரைவாகச் சுருங்கும் இழைகளே இதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. முதியவர்கள் கால் இடறும்போது தம்மைத் தாங்கிக்கொள்ள இயலாமல் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது பழுதுநீக்கும் ஆற்றல். தசையிழைகளை ஒட்டித் துணைச்செல்கள் என்பவை உறங்கும் நிலையில் இருக்கின்றன. இழை சேதமுற்றால் அவை விழித்தெழுந்து பெருகிப் பழுதை நீக்குகின்றன. அலெக்சாண்டர் மௌரோ என்னும் அறிஞர் 1961ஆம் ஆண்டு இவற்றைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். முதுமையில் இச்செல்களின் எண்ணிக்கையும் செயல்திறனும் குறைகின்றன.

மூன்றாவது உணவுக்கு விடையளிக்கும் திறன். உணவிலுள்ள புரதத்தைப் பெற்றதும் இளைஞரின் தசை உடனே புதுப்புரதத்தை உருவாக்கத் தொடங்கும். முதியவரின் தசைக்கு அதே விளைவைத் தரக் கூடுதல் புரதம் தேவைப்படுகிறது. ஆனால் நடைமுறையில் பற்களின் குறை, பசியின்மை, தனிமை ஆகியவற்றால் முதியவர் உண்ணும் அளவு குறைந்துவிடுகிறது. தேவை கூடும் காலத்தில் வரவு குறைகிறது.

இவற்றோடு வளர்ச்சி ஊக்கிகளின் குறைவு, நீரிழிவு போன்ற நெடுநாள் நோய்கள், உடலில் நிலைத்திருக்கும் மெல்லிய அழற்சி ஆகியனவும் சேர்கின்றன. இவை எல்லாவற்றையும் விரைவுபடுத்துவது அசையாமை. நலமாக இருந்த முதியோர் சிலரைப் பத்து நாள்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து நிகழ்த்திய ஓர் ஆய்வின் முடிவு 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்தப் பத்து நாள்களில் அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் தசைத்திசு குறைந்திருந்தது. காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ முடிந்து வீடு திரும்பிய தாத்தா முன்போல் நடக்க இயலாமல் போவதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

விண்வெளியில் எடையற்ற நிலையில் கால்கள் உடலைத் தாங்க வேண்டியதில்லை. அதனால் இளமையும் உடல்நலமும் மிக்க விண்வெளி வீரர்களின் தசைகளும் மெலிகின்றன. இதைத் தடுக்கப் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்குவோர் நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உடற்பயிற்சிக்கென ஒதுக்குகின்றனர். தசைக்கு உணவு மட்டும் போதாது. சுமையும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

பெயர் பெற்ற நோய்

நெடுங்காலம் இம்மெலிவுக்கு மருத்துவத்தில் தனிப்பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அளப்பாரும் இல்லை. ஆராய்வாரும் மிகச் சிலரே. 1988ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நடைபெற்ற ஒரு கருத்தரங்கில் இர்வின் ரோசன்பெர்க் என்னும் அறிஞர் இக்குறையைச் சுட்டிக்காட்டினார். வயது ஏறும்போது நடையையும் தற்சார்பையும் இதைப்போல் பாதிக்கும் மாற்றம் வேறில்லை என்று கருதிய அவர், இதற்குச் 'சார்கோபீனியா' என்னும் பெயரை முன்மொழிந்தார். கிரேக்க மொழியில் 'சார்க்ஸ்' என்பது தசை. 'பீனியா' என்பது வறுமை. தசையின் வறுமை என்பதே அப்பெயரின் பொருள். தமிழில் இதனை முதுமைத் தசை இழப்பு எனலாம்.

பெயர் கிடைத்தபின் ஆய்வுகள் பெருகின. 2016ஆம் ஆண்டு அமெரிக்க நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் இதற்குத் தனிக்குறியீடு வழங்கப்பட்டது. முதுமையின் இயல்பு என்று ஒதுக்கப்பட்டது, கண்டறிந்து மருத்துவம் செய்யத்தக்க நோயாக ஏற்கப்பட்டது. பெயரிடுதலால் விளைந்த பயன் இது.

இழப்பின் விளைவுகள்

தசை இழப்பால் விளையும் முதல் கேடு வீழ்ச்சி. குளியலறையில் கால் வழுக்கி விழும் இளைஞர் எழுந்து நடந்துவிடுவார். அதே வீழ்ச்சி முதியவருக்கு இடுப்பெலும்பு முறிவாக முடியலாம். முறிவு படுக்கையைத் தருகிறது. படுக்கை எஞ்சிய தசையையும் கரைக்கிறது. விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம் நடமாட்டத்தைக் குறைக்கிறது. நடமாட்டம் குறையக் குறையத் தசை மேலும் மெலிகிறது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழலில் முதியவர் சிக்குகிறார்.

இந்தியா உட்பட 17 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடி வலிமையை அளந்து, அவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2015ஆம் ஆண்டு வெளியானது. பிடிவலிமை 5 கிலோகிராம் குறையுந்தோறும் இறப்பின் வாய்ப்பு 16 விழுக்காடு கூடுவதாக அது காட்டியது. கைப்பிடி தளர்வதே இறப்புக்குக் காரணம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. உடல் முழுவதன் நிலையையும் காட்டும் கண்ணாடியாகக் கைப்பிடி விளங்குகிறது என்பதே அதன் கருத்து.

மெலிந்த உடலினருக்கு மட்டுமே தசை இழப்பு உண்டு என்று எண்ணுவதும் பிழை. தசை குறைந்து அவ்விடத்தில் கொழுப்புச் சேரும்போது எடைக்கருவி எந்த மாற்றத்தையும் காட்டாது. இந்தியருள் பலர் மெலிந்த தோற்றம் உடையவராயினும் உடலில் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் காணப்படுகின்றனர் என்பதைப் புனேயைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் யாஜ்னிக் தம் ஆய்வுகளால் விளக்கியுள்ளார். ஆகவே, எடை குறையவில்லை என்பதைக் கொண்டு தசை குறையவில்லை என முடிவு செய்தல் ஆகாது.

கண்டறியும் முறைகள்

தசையின் அளவைத் துல்லியமாக அறியச் சிறப்புக் கதிர்ப்படக் கருவிகள் உள்ளன. ஆனால், முதற்கட்ட ஆய்வுக்கு எளிய முறைகளே போதும். ஆசிய நாடுகளின் மருத்துவ வல்லுநர் குழு 2019ஆம் ஆண்டு வகுத்த வரையறைகள் சிலவற்றைக் காண்போம்.

கைகளை மார்பின்மீது கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர வேண்டும். இதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் உடலின் செயல்திறன் குறைந்திருக்கிறது எனக் கொள்வர். இயல்பாக நடக்கும்போது ஒரு வினாடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான தொலைவையே கடப்பதும் அத்தகைய அடையாளமாகும். பிடிவலிமைக் கருவியை இறுக்கும்போது ஆண்கள் 28 கிலோகிராமுக்கும் பெண்கள் 18 கிலோகிராமுக்கும் குறைவாகக் காட்டினால் வலிமை குறைந்துள்ளது என்று பொருள். கெண்டைக்காலின் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருப்பின் மேலும் ஆய்வு தேவை.

இவற்றுள் நாற்காலியும் கடிகாரமும் அளவு நாடாவும் எல்லா வீடுகளிலும் உள்ளவை. எனினும், இவை ஐயத்தை எழுப்பும் சோதனைகளே; நோயை உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர். மூட்டுவலி, நரம்புக் கோளாறு, தைராய்டு குறைபாடு போன்ற வேறு காரணங்களாலும் எழுவது கடினமாகலாம். சோதனை செய்யும்போது முதியவர் விழுந்துவிடாதபடி அருகில் ஒருவர் நிற்பதும் இன்றியமையாதது.

தொண்ணூறு வயதில் ஒரு தொடக்கம்

தொண்ணூறு வயதை எட்டியவர் தசையை மீண்டும் வளர்க்க முடியுமா? முடியாது என்றே மருத்துவ உலகமும் நெடுங்காலம் நம்பியது. பாரம் தூக்கினால் முதியவரின் உடல் தாங்காது என்னும் அச்சமும் இருந்தது. மரியா ஃபியாட்டரோன் என்னும் பெண் மருத்துவர் இந்நம்பிக்கையைச் சோதிக்க முற்பட்டார்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த பத்துப் பேர் அவருடைய ஆய்வில் பங்கேற்க முன்வந்தனர். அவர்களுடைய சராசரி வயது 90. அவர்கள் வாரத்துக்கு மூன்று நாள்கள் என்னும் முறையில் எட்டு வாரங்கள், தம் கால்களால் இயன்ற பேரளவுச் சுமைக்கு நெருக்கமான சுமையை உயர்த்திப் பழகினர். ஒன்பது பேர் பயிற்சியை நிறைவு செய்தனர். அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்திருந்தது. தொடைத்தசையின் அளவும் 9 விழுக்காடு கூடியிருந்தது. கோலூன்றி நடந்த இருவர் கோலின்றி நடந்தனர். 1990ஆம் ஆண்டு வெளிவந்த இம்முடிவு முதுமை பற்றிய கருத்தையே மாற்றியது.

அவ்வாய்வு மற்றொன்றையும் காட்டியது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் வலிமை 32 விழுக்காடு குறைந்தது. தசை எந்த வயதிலும் வளரும். ஆனால் எந்த வயதிலும் தொடர்ந்து பேணினால்தான் நிலைக்கும்.

1994ஆம் ஆண்டு அதே குழுவினர் 100 முதியோரிடம் பெரியதோர் ஆய்வை நிகழ்த்தினர். சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துணவுப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை எனப் பிரித்துப் பத்து வாரங்கள் கவனித்தனர். பயிற்சி பெற்றவர்களின் வலிமை இருமடங்குக்கும் மேலாயிற்று; நடையின் விரைவும் படியேறும் ஆற்றலும் உயர்ந்தன. பயிற்சியின்றிச் சத்துப் பானம் மட்டும் அருந்தியவர்களுக்குத் தசைத் தளர்ச்சி நீங்கவில்லை. கடைகளில் விற்கும் மாவுகளையும் பானங்களையும் வாங்கித் தந்தாலே முதியவர் வலிமை பெறுவார் என்று நம்புவோர் அறியவேண்டிய செய்தி இது.

பயிற்சியே முதல் மருந்து

தசை இழப்புக்கு இன்றுள்ள மருத்துவத்தில் முதலிடம் பெறுவது வலிமைப் பயிற்சியே. தசை தான் வழக்கமாகத் தாங்கும் சுமையைவிடச் சற்று மிகுதியான சுமையை எதிர்கொள்ளும்போதுதான் வளர்கிறது. பழகியபின் சுமையையும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நடைப்பயிற்சி இதயத்துக்கும் மனத்துக்கும் நல்லது. எனினும், விரைவாகச் சுருங்கும் இழைகளைத் தூண்ட அது மட்டும் போதாது.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரில் உள்ளங்கைகளைப் பதித்து உடலைத் தள்ளுதல், நாற்காலியின் முதுகைப் பற்றியபடி குதிகாலை உயர்த்துதல், ஒரு படியில் ஏறி இறங்குதல், நீர் நிரப்பிய புட்டியைக் கையால் உயர்த்துதல் ஆகியன போதுமானவை. ஒவ்வொன்றையும் எட்டுமுதல் பன்னிரண்டு முறை செய்யலாம். இறுதி இரண்டு மூன்று முறை சற்றுக் கடினமாக இருந்தால் சுமை பொருத்தமானது. எளிதாக முடிந்தால் சுமையைக் கூட்ட வேண்டும். மூச்சை அடக்காமல் இயல்பாக விடுதல் வேண்டும். வாரத்தில் குறைந்தது இரண்டு நாள்கள் வலிமைப் பயிற்சி வேண்டும் என்றும், முதியோர் உடற்சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சிகளை மூன்று நாள்களேனும் செய்யவேண்டும் என்றும் உலக நலவாழ்வு அமைப்பு 2020ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. இதயநோயோ மிகை இரத்த அழுத்தமோ கடும் மூட்டுவலியோ உடையவர், மருத்துவர் அல்லது இயன்முறை மருத்துவரின் அறிவுரை பெற்ற பின்னரே தொடங்க வேண்டும்.

நம் முன்னோர் இவற்றைப் பயிற்சி என்று செய்யவில்லை. கிணற்றில் நீர் இறைத்தல், ஆட்டுக்கல்லில் மாவரைத்தல், தரையில் அமர்ந்து எழுதல் ஆகியன அன்றாடப் பணிகளாக இருந்தன. அப்பணிகளின் சுமை பெரும்பாலும் பெண்களின் தோளிலேயே விழுந்தது. அதனை நீக்கிய கருவிகள் வரவேற்கத்தக்கவையே. ஆனால், அப்பணிகள் தசைக்குச் செய்த நன்மையை இன்று நாமே திட்டமிட்டுத் தேடிக்கொள்ள வேண்டியுள்ளது.

தட்டில் புரதம்

பயிற்சி தசையைத் தூண்டுகிறது. புரதம் அதனைக் கட்டுகிறது. வளர்ந்தோர் ஒருவருக்கு அவருடைய உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாள்தோறும் 0.83 கிராம் புரதம் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டு வரையறுத்தது. முதியோருக்கு இது 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் எனப் பன்னாட்டு வல்லுநர் குழு பரிந்துரைத்துள்ளது. 60 கிலோகிராம் எடையுள்ள முதியவருக்கு இது 60 முதல் 72 கிராம் ஆகும்.

காலையில் இரண்டு இட்லி, நண்பகல் சோறும் இரசமும், இரவில் கஞ்சி என்று உண்பவர் இவ்வளவை எட்டுவது அரிது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், ஒரு குவளைப் பாலில் 6 முதல் 7 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையில் 10 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உள்ளது. நாள் முழுவதற்கும் உரிய புரதத்தை ஒரே வேளையில் உண்பதைவிட, மூன்று வேளைகளிலும் பகிர்ந்து உண்பது நன்று. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் மிகுதி. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி, அரிசியும் பயறும் சேர்ந்த பொங்கல் ஆகியன ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்யும் உணவுகள். பல் இல்லாதவர்க்குப் பயறுகளைக் குழைய வேகவைத்துத் தரலாம். சிறுநீரக நோய் உடையவர் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டுதல் கூடாது.

மாத்திரை உண்டா?

தசை இழப்புக்கென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. தசை அளவுக்கு மீறி வளராமல் தடுக்கும் மயோஸ்டேட்டின் என்னும் புரதத்தை 1997ஆம் ஆண்டு அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். அதனைத் தடுத்தால் தசை பெருகும் என்பதால் அவ்வழியில் மருந்துகள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றைப் பெற்ற முதியோரின் தசை அளவு கூடியது. எனினும், எழுதல், நடத்தல் முதலிய செயல்களில், மருந்து பெறாமல் உணவும் பயிற்சியும் மட்டும் பெற்றோரைவிட அவர்கள் மேம்படவில்லை. தசை பெருப்பது வேறு. அது பயன்படுவது வேறு என்பதை இது உணர்த்தியது. வைட்டமின் டி குறைபாடு உடையோருக்கு அதனை ஈடுசெய்வது தேவை. குறைபாடு இல்லாதோருக்கு அது தசையைத் தந்துவிடாது.

உட்காரச் சொல்லும் அன்பு

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். முதியோர் மருத்துவத்தில் நம் மாநிலம் முன்னோடியாகவும் விளங்குகிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டே முதியோருக்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவம் வீடு தேடி வருகிறது.

ஆயினும், முதியவரின் தசையை நாள்தோறும் காப்பதும் கரைப்பதும் வீட்டில் உள்ளோரின் செயலே. "நீங்கள் எழ வேண்டாம், நான் எடுத்து வருகிறேன்", "அந்த வாளியைத் தூக்காதீர்கள்", "பேசாமல் உட்காருங்கள்" என்று நாம் அன்பினால் சொல்கிறோம். அவ்வாறு சொல்லும் ஒவ்வொரு முறையும் பாட்டி எழுந்து நிற்கும் வாய்ப்பு ஒன்று குறைகிறது. நோயுற்றபோது தாங்குதல் கடமை. நலமாக இருக்கும்போது, அவரால் இயன்றதை அவரே செய்யவிட்டு அருகில் துணை நிற்பதும் கடமையே.

இப்பாடம் முதியோருக்கு மட்டும் உரியதன்று. முப்பது வயதுக்குள் சேர்க்கும் தசையும் எலும்பும்தான் பிற்காலம் முழுவதும் செலவாகின்றன. காலையில் உண்ணாமல் பள்ளிக்கு வருவதும், விளையாட்டு வேளையில் கைப்பேசியோடு அமர்ந்திருப்பதும், எடை குறைக்கப் பட்டினி கிடப்பதும் அச்சேமிப்பைக் குறைப்பவை. பதினாறு வயதில் இருப்போர்க்குச் சேர்க்கும் காலம் இன்னும் மிகுதியாக இருக்கிறது.

இன்று மாலை வீட்டில் முதியவர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுவதைக் கவனியுங்கள். அவர் கை எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள். பிறகு அவரோடு சேர்ந்து நீங்களும் ஐந்து முறை எழுந்து அமருங்கள். நாளையும் அதைச் செய்யுங்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம், அவர் இளமையில் செய்த உடலுழைப்புப் பணிகளைக் கேட்டறிந்து பட்டியலிடுக. அவற்றுள் இன்று வழக்கில் இல்லாதவை எவை எனக் குறிப்பிடுக.

2. உங்கள் குடும்பத்து முதியவர் ஒருவர் ஒருநாளில் உண்ணும் உணவைக் குறித்து, அதிலுள்ள புரதத்தின் அளவைத் தோராயமாகக் கணக்கிடுக. குறை இருப்பின் அவர் விரும்பும் உணவைக்கொண்டே அதனை ஈடுசெய்யும் வழியைக் கூறுக.

3. 'முதியோரை ஓய்வெடுக்க விடுவதே அன்பு – இயங்க விடுவதே அன்பு' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.